நுண்ணலையில் சூடேறும் கரிம வினைகள்

தருமபுரியில் கோடை முற்றும்போது எங்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முதலில் தட்டுப்பாடாவது தண்ணீர்தான். ஒரு வினைக்கலவையை மணிக்கணக்கில் கொதிநிலையில் வைத்திருக்க வேண்டுமானால், அத்தனை நேரமும் கண்ணாடிக் குளிர்விப்பானின் வழியே குழாய்நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரோ அதன் உட்புறத்தில் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடுகிறது. மூடிய குப்பியில் நுண்ணலையால் (மைக்ரோவேவ்) சூடேற்றும் வினைக்கலனுக்கு அந்த நீரோட்டம் தேவையில்லை.

கரிம வேதியியலில் இம்முறையை 1986ஆம் ஆண்டு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் மின்புலம் நொடிக்குப் பல நூறு கோடி முறை திசை மாற, அதற்கேற்பத் திரும்ப முயலும் முனைவுள்ள (ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்னேற்றம் சற்றே மிகுந்த) மூலக்கூறுகள் அந்த ஆற்றலை வெப்பமாக்குகின்றன. எத்தனால் விரைவில் சூடாகும். முனைவற்ற ஹெக்சேன் ஏறத்தாழ சூடேறாது.

78 டிகிரியில் கொதிக்கும் எத்தனாலை மூடிய குப்பியில் 150 டிகிரி வரை கொண்டுசெல்லலாம். பத்து டிகிரிக்கு வேகம் இருமடங்காகும் என்ற தோராயக் கணக்கின்படி, 80 டிகிரியில் எட்டு மணி நேரம் பிடிக்கும் வினை 150 டிகிரியில் நான்கு நிமிடத்தில் முடியும். எனவே வேகத்துக்குக் காரணம் உயர்ந்த வெப்பநிலைதான், நுண்ணலைக்கெனத் தனி மாயம் எதுவும் இதில் இல்லை என்றே நான் கருதுகிறேன். நுண்ணலையைத் தடுத்து வெப்பத்தை மட்டும் கடத்தும் சிலிக்கான் கார்பைடு குப்பிகளைக் கொண்டு ஆஸ்திரியாவின் காப்பே குழுவினர் 2009இல் செய்த சோதனைகளிலும், நுண்ணலை உள்ளே புகும் சாதாரணக் கண்ணாடிக் குப்பியில் கிடைக்கும் அதே விளைவே பெரும்பாலும் கிடைத்தது.

சமையலறை மைக்ரோவேவ் அடுப்பை இதற்குப் பயன்படுத்த நான் எவரையும் அனுமதிப்பதில்லை. அதில் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் அளக்க வழியில்லை. கசியும் கரைப்பான் ஆவி ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.