போட்டோவில் ஆறாவது ஆள்

தாத்தாவைப் பற்றித் தெரிந்துகொள்ள பட்டா, பத்திரம் எல்லாம் புரட்டியும் ஒன்றும் தேறவில்லை, கடைசியில் கைகொடுத்தது மன்னார்குடி அத்தை வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த பூப்பந்து டீம் போட்டோதான். மடித்துக் கட்டிய வேட்டி, வெறுங்கால், நரம்பு அறுந்த ஒரு மட்டை. (பூப்பந்து, அதாவது கம்பளிப் பந்தை மட்டையால் அடித்து ஆடுவது, நம்ம தஞ்சாவூர் ஆட்டம், 1856-லேயே அரண்மனையில் ஆடினார்கள் என்பார்கள்.)

ஒரு டீமுக்கு ஐந்து பேர்தானே, இதில் ஆறு தலை. ஓரத்தில் கம்பளிப் பந்தோடு நிற்பவர் யார் என்று அத்தையைக் கேட்டேன்.

"எங்க மாமாடா, அம்மாவோட அண்ணன். எதிர் டீமு. ஆட வந்த எடத்துலதான் சம்பந்தம் பேசுனாங்க."

பின்னால் தெரியும் புளியமரம் 1952 புயலில் சாய்ந்ததாம், அப்படியென்றால் போட்டோ அதற்கு முந்தியது. அப்புறம்தான் கவனித்தேன், மாமா பந்தை வைத்திருப்பது வலதில், மட்டை இடதில். நானும் இடதுகைக்காரன்.