மேட்டைப் பார்த்து நின்ற லாரி

டிசம்பர் 27, கேத்தி பாலாடா, நீலகிரி

புல்வெளி முழுக்க உப்பைத் தூவியதுபோல் உறைபனி. கேரட் மூட்டைகளோடு 5 மணிக்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டிய லாரி, செல்ஃப் எடுத்ததும் பிடித்து, அரை நிமிடம் உடம்பெல்லாம் குலுங்க ஓடி, வெண்புகையைக் கக்கிவிட்டு அணைந்தது. நான்காம் முறைதான் அணையாமல் ஓடியது.

டிசம்பர் 30

செல்ஃப் மோட்டார் வேகமாகவே சுற்றுவதால் பேட்டரியைக் குறைசொல்ல இடமில்லை. டீசல் இன்ஜினில் அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எரிபொருள் பற்ற வேண்டும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தியும் குறைவு, குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பழியைப் பனியின்மேல் போட்டுவிட்டு, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களைக் கழற்றிச் சோதிக்கக் கொடுத்தேன். நான்கும் நன்றாகவே இருந்தன. கூலி கொடுத்ததுதான் மிச்சம்.

ஜனவரி 3

“ராத்திரி வண்டிய எந்தப் பக்கம் பாத்து நிறுத்துறீங்க தம்பி?” என்று மெக்கானிக் அண்ணன் கேட்டபோது, அது என்ன கேள்வி என்று தோன்றியது. எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான். அவர் சொன்னபடி நேற்றிரவு பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினேன். இன்றும் அதே உறைபனிதான். ஆனால் வண்டி ஒரே செல்ஃபில் பிடித்து, அணையாமல் ஓடியது.

ஜனவரி 4

டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயில், அண்ணன் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி டியூபைப் பொருத்தினார். இன்ஜின் ஓடும்போது டீசலோடு கடுகளவு குமிழிகள் வரிசையாக ஏறி வந்தன. டேங்கை ஒட்டிய ரப்பர் ஹோஸ் காய்ந்து, கிளிப்பின் அடியில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது. அது டீசலை உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டும் கசியாமல் காற்றுதான் உள்ளே புகுந்திருக்கிறது. மேட்டைப் பார்த்து நிற்கும்போது இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் டேங்க் தாழ்ந்துவிடுவதால் குழாயில் இருந்த டீசல் இரவோடு இரவாகப் பின்வாங்கிவிட, காலையில் ஃபில்டரிலும் பம்பிலும் மிஞ்சியது தீரும்வரை மட்டுமே இன்ஜின் ஓடியிருக்கிறது. வண்டி தவறாமல் அரை நிமிடத்தில் அணைந்ததன் காரணம் இதுதான்; நான் அதைக் கவனித்தும் யோசிக்கவில்லை.

ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, நசுங்கிய செம்பு வாஷர்களுக்குப் புதியவை போட்டு, காற்றை வெளியேற்ற ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தோம். முதலில் நுரையாக வந்தது, பிறகு தெளிந்த டீசலாக ஒழுகியதும் ஸ்குரூவை முடுக்கினோம்.

ஜனவரி 6

இரண்டு இரவும் வேண்டுமென்றே மேட்டைப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினேன். இரண்டு காலையும் முதல் செல்ஃபிலேயே பிடித்தது. தொடக்கத்தில் சிறிது வெண்புகையும் நடுக்கமும் இன்னும் இருக்கின்றன. அவை பனியின் பங்கு. இன்ஜின் சூடேறியதும் அடங்கிவிடுகின்றன.