ஒல்லாந்தர் காலத்து வீடு தேடிப் பதினொரு ஞாயிறு

தை பிறந்த கையோடு தொடங்கியது இது. ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சைக்கிளை எடுப்பது, வாரத்துக்கு ஒரு பகுதி என்று யாழ்ப்பாண நகரத்தைச் சுற்றுவது, பழைய கட்டடங்களைப் படம் எடுத்துக் கொப்பியில் குறிப்பது. முதல் மூன்று ஞாயிறிலேயே 38 வீடுகளுக்குப் பக்கத்தில் ‘ஒல்லாந்தர் காலம்’, அதாவது டச்சுக்காரர் ஆண்ட 1658 முதல் 1795 வரை, என்று எழுதிவிட்டேன். இன்றைக்குப் பதினொராவது ஞாயிறு, அதில் முப்பத்து மூன்றை வெட்டியாகிவிட்டது.

வெட்ட வைத்தவர் சுண்டிக்குளியில் ஒரு ஐயா. உருண்டைத் தூண், வளைவு வைத்த யன்னல், ஒரு முழத்துக்கும் மேல் தடித்த சுவர், நான் படலையடியில் நின்று வாயைப் பிளந்துகொண்டு படம் எடுக்கிறேன். “என்ன தம்பி, ஆரும் வளவு விக்கிறதெண்டு சொன்னவையோ?” என்று கேட்டபடி வந்தார். ஒல்லாந்தர் வீடு பார்க்கிறேன் ஐயா என்றேன். சிரித்த சிரிப்பில் நாய் எழும்பிவிட்டது. “இது எங்கட அப்பப்பா மலாயாவில ரெயில்வேயில உழைச்ச காசில கட்டினது. ஒல்லாந்தர் ஒருத்தரும் இஞ்ச வந்து படுக்கேல்லை.”

பிறகு தேத்தண்ணி தந்து விறாந்தை நிலத்தைக் காட்டினார். சிவப்புச் சீமெந்து. மேலே தட்டையான ஓடு. அந்த ஓடு மங்களூர்ப் பக்கத்து ஆலைகளில் 1860களில்தான் செய்யத் தொடங்கினார்கள், அதற்கு முந்தியது இங்கே பீலி ஓடு, அரைக்குழாய் போல வளைந்தது. ஆனால் ஓட்டை மட்டும் நம்பவும் ஏலாது, சண்டைக்குப் பிறகு கூரை மாற்றாத வீடு எத்தனை இருக்கிறது? அதனால் இப்போது நான் கீழே இருந்து பார்க்கிறேன். சாந்து உதிர்ந்த இடத்தில் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் தெரிகிறதா, சீமெந்துக் கல் தெரிகிறதா என்று சுவரின் அடியைத்தான் முதலில் பார்ப்பது. தூணைப் பார்த்து மயங்குவதை விட்டுவிட்டேன்.

இந்தக் கண்ணோடு பிரதான வீதிக்குத் திரும்பிப் போனபோதுதான் அந்தப் பகுதி விளங்கியது. கோட்டைக்குக் கிழக்கே, குறுக்குத் தெருக்கள் முதலாம், இரண்டாம் என்று இலக்கம் போட்டு நேர்கோட்டில் வெட்டிப் போகின்றன. அங்கே பழைய வீடுகளின் விறாந்தை நேரே தெருவில் வந்து இறங்குகிறது, படியில் இருந்தால் கால் றோட்டில். நல்லூரிலோ வண்ணார்பண்ணையிலோ ஒரு பழைய வீடு இப்படி இருக்காது: மதில், சங்கடப்படலை (கூரை போட்ட வாசல்), முற்றம், அதற்குப் பின்னால்தான் வீடு, நாற்சார் வீடென்றால் உள்ளுக்குள் இன்னொரு முற்றம். ஒரு மைல் சைக்கிள் ஓட்டத்துக்குள் தெருவோடு பழகுகிற விதமே மாறிவிடுகிறது. இதைப் படத்தில் காட்ட முடியவில்லை, நாலு தரம் முயன்றேன்.

கோட்டைக்கு இரண்டு ஞாயிறு போனது. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டி, வெளி அரண்களை 1792இல் முடித்தார்கள். மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்துவிட்டார்கள். இவ்வளவு கல் சுமந்தவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் போரில் தரைமட்டமானது, இப்போது கற்குவியலைத்தான் பார்க்கலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தையும் கணக்கில் எடுத்திருந்தேன், வெட்கக்கேடு. அது வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கை வந்த நினைவாக எழுப்பியது, வரைந்தவர் ஸ்மிதர், கொழும்பு நூதனசாலையை வரைந்த அதே ஆள்.

நல்லூர் வேறு மாதிரி. பழைய இராசதானியின் நாலு திசைக்கும் காவலாகச் சொல்லப்படும் கோயில்கள், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசப் பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர், நாலையும் ஒரே காலையில் சுற்றினேன் (மூன்றாவதில் ரயர் பஞ்சர், மிச்சம் உருட்டிக்கொண்டு). இடையில் மந்திரிமனை. பெயரைக் கேட்டால் அரசர் காலம், ஆனால் நிற்கிற கட்டடத்தின் வளைவுகளில் ஐரோப்பியச் சாயல்.

உண்மையில் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுந்தது எதுவென்று தேடினால் கையில் அகப்படுவது கோயில்கள்தான். முதல் நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பிறகு, இப்போதைய நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1734இல் தொடங்கியது. வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலை வைத்திலிங்கச் செட்டியார் கட்டியது 1790 அளவில். கோபுரங்களும் மண்டபங்களும் பின்னால் வளர்ந்தவை, அது வேறு கதை. ஆனாலும் என் கொப்பியில் ‘ஒல்லாந்தர் காலம்’ என்ற தலைப்புக்குக் கீழே முதல் இரண்டு வரி இப்போது இந்த இரண்டு கோயில்கள். மூன்று மாதத்துக்கு முந்தி யாரும் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

சோனகத் தெருவில் கொப்பியைத் திறக்கவில்லை. 1990 ஒக்டோபரில் இங்கிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய பிறகு கூரை போய், சுவருக்குள் மரம் முளைத்து நிற்கிற வீடுகளுக்கு முன்னால் ஓட்டு வகை பார்க்க மனம் வரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்துவிட்டேன்.

சரி, மிச்சம் ஐந்து வீடுகள், எல்லாம் கேள்விக்குறியோடு. அதில் மூன்றாம் குறுக்குத் தெருவில் இருப்பதில்தான் எனக்கு நம்பிக்கை: அடிச்சுவர் முழுக்க முருகைக்கல், ஒரு பக்கத் தாழ்வாரத்தில் இன்னும் பீலி ஓடு. பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் கனடாவில், திறப்பு கொக்குவிலில் ஒரு மச்சானிடம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். மச்சான் ஞாயிறில் பத்து மணிக்குத்தான் எழும்புவாராம், அடுத்த கிழமை கொஞ்சம் பிந்திப் புறப்பட வேண்டும்.