பேனல் லேஅவுட்டில் காலியிடத்தையும் வரைய வேண்டும்

மோட்டார்களை இயக்கும் மின்சாதனங்கள் அடங்கிய கட்டுப்பாட்டுப் பேனலுக்கு லேஅவுட், அதாவது உள்ளே எது எங்கே அமரும் என்ற படம், வரையும்போது, எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதைவிட, எந்த இடத்தைக் காலியாக விடுவது என்று யோசிப்பதற்கே எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. கோயம்புத்தூரில் பேனல் தயாரிக்கும் பட்டறைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், திரையில் நேர்த்தியாகத் தெரிந்த லேஅவுட் சாதனங்களைப் பொருத்தும் ஆரஞ்சு நிற மவுண்டிங் பிளேட்டில் ஏறியபின், ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை நுழைய இடமில்லாமல் வயர்மேன் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாதாரண ஆட்டோகேடில் ஒரு காண்டாக்டர் (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த ஸ்விட்ச்) என்பது நாமே வரைந்துகொள்ளும் செவ்வகம்; அதற்கும் மின்சுற்று வரைபடத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. ஈப்ளான் எலெக்ட்ரிக் பி8, ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் போன்ற மென்பொருள்களில் சுற்றுப்படத்தில் கே1 என்று பெயரிட்ட காண்டாக்டருக்கு உற்பத்தியாளரின் பொருள் எண்ணைக் கொடுத்துவிட்டால், அதே பொருள் தனக்குரிய அளவுடன் லேஅவுட் தாளுக்கு வருகிறது. ஏற்கெனவே வைக்கப்பட்டவை பட்டியலில் குறியிடப்பட்டிருப்பதால், எது விடுபட்டது என்பதும் உடனே தெரிந்துவிடும். ஆனால் இந்த வசதி முழுவதும் பொருள் தரவுத்தளத்தை நம்பியே நிற்கிறது. அகலமும் உயரமும் சரியாக இருந்து ஆழம் மட்டும் நிரப்பப்படாமல் இருந்தால், முன்பார்வைப் படத்தில் அந்தக் குறை தெரியவே தெரியாது. காண்டாக்டரின் முகப்பில் துணைத் தொடர்புத் தொகுதி ஒன்றை மாட்டினால் அகலம் மாறுவதில்லை. பொருள் கதவை நோக்கி முன்னே நீண்டுவிடுகிறது. அதற்கு நேர் எதிரே கதவில் ஹெச்எம்ஐ எனப்படும் இயக்குநருக்கான தொடுதிரை இருந்தால் கதவு மூடாது. ஆகவே தரவுத்தளத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொரு பொருளின் மூன்று அளவுகளையும் உற்பத்தியாளரின் அளவுப்படத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் நான் தாளில் வைப்பதில்லை.

மூன்று 7.5 கிலோவாட் பம்புகளை விஎஃப்டி டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவிகள்) மூலம் ஓட்டும் ஒரு பேனலை எடுத்துக்கொள்வோம். ஒரு டிரைவ் தன் திறனில் ஏறத்தாழ 3 சதவீதத்தை வெப்பமாக வெளிவிடும் என்று வைத்துக்கொண்டால், முழுச் சுமையில் மூன்றும் சேர்ந்து 675 வாட் வெப்பத்தைப் பெட்டிக்குள் கொட்டும். டிரைவின் மேலும் கீழும் பொதுவாக 100 மில்லிமீட்டர் இடம் கேட்கப்படுகிறது; அந்த இடைவெளியில் வயர்கள் ஓடும் பிளாஸ்டிக் காடியான வயரிங் டக்டை ஓட்டிவிட்டு, அளவு சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பேனல்களுக்கான ஐஇசி 61439 தரநிலை, உள்ளரங்கப் பேனலைச் சுற்றியுள்ள வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டாது, 24 மணி நேரச் சராசரி 35 டிகிரிக்கு மேல் போகாது என்று எடுத்துக்கொள்கிறது. தகரக் கூரை வேய்ந்த பம்ப் அறைக்குச் சித்திரை மாத நண்பகலில் ஒருமுறை போய் நின்றவருக்கு இந்த எண்களை அப்படியே ஏற்க மனம் வராது. அதனால் நான் மூன்று டிரைவ்களையும் பிளேட்டின் ஒரு பக்கத்தில் ஒன்றாக நிறுத்தி, காற்று கீழே ஃபில்டர் வழியாக நுழைந்து மேலே விசிறி வழியாக வெளியேறும் பாதையை மறைக்காமல் விட்டு, பிஎல்சியையும் (கட்டுப்பாட்டுக் கணினி) எஸ்எம்பிஎஸ்ஸையும் (அதற்கு டிசி மின்சாரம் தரும் கருவி) எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறேன். சீமென்ஸின் எஸ்7-1200 வகை பிஎல்சி தனக்கு மேலும் கீழும் 25 மில்லிமீட்டர் மட்டுமே கேட்கிறது என்றாலும், டிரைவிலிருந்து எழும் சூட்டின் நேர் மேலே அதை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மோட்டாருக்குப் போகும் கேபிள்களும் சென்சார் சிக்னல் வயர்களும் ஒரே டக்டில் ஓட வேண்டிய கட்டாயமும் இந்தப் பிரிவினால் நீங்குகிறது.

டக்டுக்கும் பொருளுக்கும் இடையே விடும் இடம்தான் அதிகம் திருடப்படும் இடம். 18 மில்லிமீட்டர் அகல எம்சிபிகளை (சிறு சர்க்யூட் பிரேக்கர்கள்) 35 மில்லிமீட்டர் டின் ரெயில் என்ற உலோகப் பட்டையில் அடுக்கும்போது அகலத்தைக் கணக்கிடுவது எளிது. உயரவாக்கில் ஒரு வரிசை கூடுதலாகத் தேவைப்பட்டால் எல்லோரும் டக்டை நெருக்குகிறார்கள். இடைவெளி 40 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், வயர் நுனியில் மாட்டிய எண் ஃபெரூல் (வயரின் எண் அச்சிட்ட சிறு குழல்) டக்டின் பல்லிடுக்குக்குள் புகுந்து மறைந்துவிடும். இரவில் பம்ப் நின்றுபோய், கைவிளக்குடன் பேனலைத் திறக்கும் எலெக்ட்ரீஷியன் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். கேபிள்கள் வந்து சேரும் கீழ் டெர்மினல் (வயரை இணைக்கும் முனை) வரிசைக்கும், கேபிள்கள் பெட்டிக்குள் நுழையும் கிளாண்ட் பிளேட்டுக்கும் இடையில் இன்னும் தாராளமாக விட வேண்டும். பல கோர் (உள்வயர்) கேபிளை உரித்து, கோர்களைப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதன் டெர்மினலுக்கு வளைத்துக் கொண்டுபோவது அங்கேதான். இயந்திரங்களின் மின்சாதனங்களுக்கான ஐஇசி 60204-1, டெர்மினல்கள், வேலை செய்பவர் நிற்கும் தளத்திலிருந்து குறைந்தது 0.2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. முதன்மை ஸ்விட்சின் கைப்பிடிக்கு அது தரும் வரம்பு 0.6 முதல் 1.9 மீட்டர்; 1.7 மீட்டருக்குள் இருப்பது நல்லது. பெட்டியின் அடியில் வரும் பேஸ் சட்டத்தின் உயரத்தையும் சேர்த்துத்தான் இவற்றை அளக்க வேண்டும்.

கதவுக்கு நான் எப்போதும் இரண்டு படங்கள் தருகிறேன்: வெளியிலிருந்து பார்ப்பது ஒன்று, கதவைத் திறந்து உள்பக்கம் பார்ப்பது ஒன்று. வெளியே இடது ஓரத்தில் இருக்கும் புஷ் பட்டன், திறந்த கதவின் பின்புறம் வலது ஓரத்தில் இருக்கும். உள்பக்கப் படம் இல்லாவிட்டால், கதவுக்கான வயர் கற்றையைக் கீல் பக்கமாக எந்த வழியில் கொண்டுபோவது, எவ்வளவு தளர்வு விடுவது என்பதை வயர்மேன் தானே ஊகித்துச் செய்ய வேண்டியிருக்கும்.

பட்டறையில் இடம் மாறிய பொருள்களைச் சிவப்புப் பேனாவால் குறித்துத் திரும்பி வரும் தாளை, பேனல் லாரி ஏறும் முன்பே மென்பொருளில் ஏற்றிவிடுகிறேன். பேனல் கதவின் உள்பையில் வைத்து அனுப்பும் அச்சுப்பிரதி அந்தத் திருத்தப்பட்ட படமாகவே இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.