உப்புப் பூத்த மண்ணில் கெயிலார்டியா

வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், கடலிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. கொல்லை முழுக்க மணல். மழைநீர் மணலுக்குள் மேலாக ஓர் ஏடுபோல் நிற்கும். அதற்கு அடியில் உவர்நீர். சித்திரை பிறந்துவிட்டால் அடிபம்பில் வருவதை வாயில் வைக்க முடியாது. 2018 கஜா புயலில் மாமரமும் சாய்ந்துவிட்டதால் பொட்டு நிழலும் இல்லை. போன வருடம் வைத்த செண்டுமல்லி இலையோரம் கருகி, மொட்டோடு நின்றுபோனது.

கெயிலார்டியா அமெரிக்காவின் தெற்கிலும் மெக்சிகோவிலும் மணற்பாங்கான நிலத்தில் தானாக வளரும் செடி. அங்கே கடற்கரை மணல்மேடுகளிலும் பூக்கிறது. செவ்வந்தி, சூரியகாந்திக் குடும்பம். கடற்காற்றுக்கும் வெயிலுக்கும் அஞ்சாதது நமக்கு ஆகும் என்றுதான் விதை வாங்கினேன்.

முதல் முறை புரட்டாசியில் விதைத்தேன். நாற்பது கன்று தேறியது. ஐப்பசி அடைமழையில் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் எல்லாம் தலை தொங்கிவிட்டன. உப்புதான் கொன்றது என்று நினைத்தேன். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் பழுப்பேறி, தோல் வழுவழுவென்று கழன்று வந்தது. அழுகல். அந்த மழையில் உப்பெல்லாம் கரைந்து கீழே போயிருக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் அன்று 600 பிபிஎம்தான் (லிட்டருக்கு 600 மில்லிகிராம்) காட்டியது.

உரக்கடையில் ஜிப்சம் போடச் சொன்னார்கள். அது களர் நிலத்துக்கான வைத்தியம். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், ஜிப்சம் அதைப் பெயர்த்துவிடும். எங்களுடையது உவர் நிலம். உவரில் உப்பு ஏற்கெனவே கரைந்துதான் திரிகிறது. நல்ல தண்ணீரால் கீழே இறக்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. பணம் மிச்சம்.

இரண்டாம் முறை தை மாதம். ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப் பாத்தி; மணலோடு மக்கிய சாணம் கொஞ்சம். விதையைப் புதைக்காமல் மேலாகத் தூவி உள்ளங்கையால் அழுத்தினேன். ஒன்பதாம் நாள் முளை. நாற்றுப் பருவத்தில் மட்டும் மழைநீர்த் தொட்டியிலிருந்து எடுத்து ஊற்றினேன், அந்த வயதில் உப்பு ஆகாது. நடும்போது ஒரு முழம் இடைவெளி. அடியில் சவுக்குச் சருகை மூடாக்காகப் போட்டேன். வெயில் மண்ணின் ஈரத்தை இழுத்தால் உப்பும் கூடவே ஏறி வருமே, அதற்காக.

பங்குனிக் கடைசியில் முதல் பூ. பூ என்றா சொல்வது? ஓரத்தில் வளையமாக நிற்கும் இதழ்களும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் குழல்களும் தனித்தனிப் பூக்கள். ஓர இதழ் ஒவ்வொன்றும் அடியில் குங்குமச் சிவப்பு, நுனியில் மஞ்சள், அந்த நுனியும் மூன்றாகப் பிளந்து கத்தரித்த காகிதம்போல் இருக்கும்.

பக்கத்து வீட்டு அத்தை முகர்ந்து பார்த்தார். "வாசனையே இல்லையே தம்பி, இதை யார் தலையில் வைத்துக்கொள்வார்கள்?" முல்லை கட்டிப் பழகிய கை, கேட்கத்தான் செய்யும். மாலைக்கு ஆகும் என்றேன். நம்பவில்லை.

சித்திரையில் மீட்டர் 2,600 காட்டியது. மூடாக்கு விலகிய இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. செடிகள் கொஞ்சம் குட்டையாயின, அடியிலைகள் சில காய்ந்தன, பூ மட்டும் நிற்கவில்லை. வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் அடுத்த மொட்டு சீக்கிரம் வருகிறது. எல்லாவற்றையும் கிள்ளாமல் விதைக்கென்று பத்து விட்டேன். இதழ் உதிர்ந்ததும் நெல்லிக்காய் அளவில் சொரசொரப்பான உருண்டை. உதிர்த்தால் விதையின் தலையில் கண்ணாடித் தாள்போல் செதில்கள், முனையில் ஊசி.

ஆடிக் காற்று அவற்றில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைப் பாத்தியில் தூவினேன், இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. அடிபம்பைச் சுற்றி, நான் கொத்தவே கொத்தாத இடத்தில், பதினோரு கன்று நிற்கிறது.