லேப் அங்கீகாரம்: சார்ட் அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

எங்கள் மருத்துவமனை லேபுக்கு, மருத்துவ லேப்களின் தரத்துக்கான சர்வதேச நெறியான ஐஎஸ்ஓ 15189 அங்கீகாரம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. விண்ணப்பம், கட்டணம், ஆவணங்களை அனுப்புவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. உயிரை வாங்கியவை இரண்டு: ஊழியர் பயிற்சி, அப்புறம் ஒரு தெர்மாமீட்டர்.

நிர்வாகம் முதலில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தது. எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து நாள் முழுக்க ஸ்லைடு. கன்ட்ரோலின் (அளவு முன்பே தெரிந்த சோதனை மாதிரி) எண்களைப் புள்ளிகளாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட், எந்தப் புள்ளி எச்சரிக்கை என்று சொல்லும் வெஸ்ட்கார்ட் விதிகள் எல்லாம் ஓட்டமாக ஓடின. கடைசியில் குரூப் போட்டோ, ஆளுக்கொரு சான்றிதழ். பயிற்சிக் கோப்பு தடித்தது, அவ்வளவுதான். மறுநாள் பெஞ்சில் பழைய கதை. கன்ட்ரோல் எல்லையைத் தாண்டினால் மறுபடி ஓட்டுவார்கள். உள்ளே வரும்வரை ஓட்டுவார்கள். உள்ளே வந்த எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதுவார்கள்.

இதைப் பிடித்தவர் எங்களுக்கு வழிகாட்ட மென்டராக வந்த மேடம். பதிவேட்டைப் புரட்டியவர், "மாசம் முழுக்க ஒரு புள்ளிகூட 2 எஸ்டியைத் தாண்டலையா? ரொம்ப நல்ல மெஷினா இருக்கே!" என்றார். டெக்னீசியன்கள் முகத்தில் ஈயாடவில்லை. எஸ்டி என்பது திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு. எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் சுமார் இருபதில் ஒரு புள்ளி 2 எஸ்டிக்கு வெளியே விழத்தான் செய்யும். ஒன்றுமே விழவில்லை என்றால் யாரோ வடிகட்டுகிறார்கள் என்று அர்த்தம். மெஷினின் நினைவகத்தைத் திறந்தார். எழுதாமல் விட்ட எண்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

அவர் யாரையும் திட்டவில்லை. ஆளோடு ஆளாக பெஞ்சில் உட்கார்ந்து, விட்டுப்போன எண்களை அவரவர் கையாலேயே சார்ட்டில் குறிக்கவைத்தார். குளுக்கோஸ் சார்ட்டில் புது ரீஏஜென்ட் லாட் (சோதனை ரசாயனத்தின் ஒரு தொகுதி) திறந்த நாளிலிருந்து புள்ளிகள் எல்லாம் சராசரிக்கு மேலேயே நின்றன. தொடர்ந்து இரண்டு புள்ளிகள் ஒரே பக்கம் 2 எஸ்டியைத் தாண்டினால், மறுபடி ஓட்டிப் பயனில்லை. காலிப்ரேஷனையும் (கருவியின் அளவைச் சரியான அளவோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது) லாட்டையும் பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் உறைத்தது. காலிப்ரேட் செய்ததும் புள்ளிகள் இறங்கின. ஸ்லைடில் இதே விதி இருந்தது. யாருக்கு நினைவிருக்கிறது?

வார்டு பஞ்சாயத்து தனி. பொட்டாசியம் கூடுதலாக வந்தால் பழி எப்போதும் லேப் மேல்தான். ஒரு ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எகிறியிருக்க, கால்சியம் பாதாளத்தில் கிடந்தது. ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ உப்பு போட்ட டியூபில் எடுத்த ரத்தத்தைக் கொஞ்சம் சீரம் டியூபில் ஊற்றினால் இப்படித்தான் வரும், ஈடிடிஏ உப்பில் பொட்டாசியம் இருக்கிறது, கால்சியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வார்டு பொறுப்பாளரிடம் சொல்லப் போனால், "ரத்தம் எடுக்க நீங்க எங்களுக்குச் சொல்லித்தரணுமா?" என்றார். மேடம் வாதாடவில்லை. புதிதாக எடுத்த சாம்பிளின் ரிப்போர்ட்டைப் பழையதன் பக்கத்தில் வைத்தார். பொட்டாசியமும் கால்சியமும் இயல்பாக இருந்தன. அடுத்த வாரமே நர்சுகளுக்கு வகுப்பு எடுக்க நேரம் கிடைத்தது. வார்டுக்குப் போனால் எண்களோடு போங்கள், அறிவுரையோடு போகாதீர்கள்.

இப்போது தெர்மாமீட்டர். ரீஏஜென்ட் ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதை அளக்கும் தெர்மாமீட்டருக்குக் காலிப்ரேஷன் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இருந்தது, தேதியும் சரி. ஆனால் சான்றிதழில் இருந்த சீரியல் எண் வேறு, ஃபிரிட்ஜில் தொங்கிய தெர்மாமீட்டரில் இருந்த எண் வேறு. ஒத்திகைத் தணிக்கையில்தான் இது தெரிந்தது. காலிப்ரேஷன் நிறுவனத்துக்குப் போன் செய்தால், "சரியான எண்ணை மெயில் பண்ணுங்க, மாத்தி அனுப்பிடறோம்" என்கிறார்கள்! கருவியைப் பார்க்காமலே சான்றிதழாம். முடியாது, திரும்ப அளந்து கொடுங்கள் என்றோம். கொள்முதல் பிரிவு கிளார்க்கோ, "சான்றிதழ்தான் இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னொரு செலவு?" என்று கோப்பை நகர்த்தவே மாட்டேன் என்றார். மருத்துவக் கண்காணிப்பாளர் கையெழுத்து வாங்கி வைத்த பிறகுதான் கோப்பு அசைந்தது. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, கருவியைப் பக்கத்தில் வைத்து எண்ணைச் சரிபாருங்கள். பிப்பெட்டுக்கும் இதேதான்.

மென்டரைப் பகலில் மட்டும் வரவைக்காதீர்கள். எங்கள் மேடம் கேட்டு வாங்கிக்கொண்டு நைட் ஷிஃப்டிலும் உட்கார்ந்தார். அதற்குப் பலன் இருந்தது. அங்கீகாரத்துக்காக வந்த மதிப்பீட்டாளர் சுற்றிச் சுற்றி நைட் ஷிஃப்ட் தம்பியிடமே வந்து நின்றார்: "கன்ட்ரோல் 3 எஸ்டிக்கு வெளியே போனா என்ன பண்ணுவீங்க?" தம்பி, "ரிசல்ட்டை நிறுத்தி வைப்பேன் சார்" என்று சொல்லி, போன மாதம் அப்படி நிறுத்திய இரவின் பதிவை எடுத்துக் காட்டினான். காற்றுக்குமிழி காரணம், சரிசெய்த விதம், மறுபடி ஓட்டிய நோயாளி சாம்பிள்கள் எல்லாம் அவன் கையெழுத்திலேயே இருந்தன. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அந்தத் தம்பியை இப்போது வேறு பிரிவுக்கு மாற்றப் போகிறார்களாம். தகுதி மதிப்பீடு முடியாமல் புது ஆளை இரவில் தனியாக விடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.