பதினான்காவது மாடியில் ஒரு திண்ணை

சிங்கப்பூரில் நிலத்தோற்ற வடிவமைப்பாளராகச் சேர்ந்த புதிதில் என் கைக்கு வந்த முதல் பெரிய வேலை, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காவது மாடித் தோட்டம். தரையில் இடமில்லாத இந்த ஊரில் பூங்காவை மேலே ஏற்றுவது பழகிப்போன விஷயம். 2009-இல் கட்டி முடித்த டக்ஸ்டன் பினக்கிள் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழு கட்டடங்களையும் 26-ஆவது மாடியிலும் 50-ஆவது மாடியிலும் தோட்டங்களே பாலமாக இணைக்கின்றன.

என் கவலையெல்லாம் எடையைப் பற்றித்தான் இருந்தது. நனைந்த மண் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு டன் வரும். மரம் வேண்டும் என்றால் தூணுக்கு நேர்மேலே வை என்று கட்டமைப்புப் பொறியாளர் சொல்லிவிட்டார். அதனால் தூண்களின் மேல் மட்டும் மரம், இடையில் எடை குறைந்த மண்கலவையில் செடிகள். அது சரியாகவே அமைந்தது. காற்றைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வந்த காற்று, மூன்றே மாதத்தில் இலை ஓரங்களைக் கருக்கிவிட்டது. செடியை மாற்றினோம், பிழைத்துக்கொண்டது.

அப்புறம் ஒரு நாள் மாலை போய்ப் பார்த்தேன். தோட்டத்தில் ஒருவர்கூட இல்லை. பத்தடி தள்ளி, லிஃப்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். “உள்ளே நல்ல நிழல் இருக்கே பாட்டி?” என்றேன்.

“அங்க யாரு வர்றா தம்பி? இங்க இருந்தா வர்றவங்க போறவங்க முகத்தையாவது பார்க்கலாம்.”

எனக்கு எங்கள் ஊர்த் திண்ணை ஞாபகம் வந்தது. அது வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை, வழியில் இருந்தது. நாங்களோ தோட்டத்தை நடைபாதைக் கோடியில், கனமான தீத்தடுப்புக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தோம். வரைபடத்தில் பச்சை நிறம் நிறைய இருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

அதற்குப் பிறகு டாவ்சன் பகுதியில் இருக்கும் ஸ்கைவில் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் போனேன். 960 வீடுகளை 80 வீடுகள் கொண்ட சிறு குடியிருப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு பொதுமாடி கொடுத்திருக்கிறார்கள். எண்பது என்பது முகங்களை நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை. உயர்ந்த கட்டடத்தில் தோட்டத்தின் பரப்பளவைவிட, அது எத்தனை பேருக்குச் சொந்தம், யார் கண்ணில் படும் என்பதுதான் முதலில் தீர்மானிக்க வேண்டியது என்று இன்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த வேலையில் லிஃப்ட் கதவு திறந்ததுமே தோட்டம் தொடங்கும்படி வரைந்தேன். காற்றுக்கு மறைப்பாக இடுப்பளவு புதர்வரிசை, அதன் பின்னால் சாய்மானம் வைத்த இருக்கைகள். இரண்டு தொட்டிகளில் வெறும் மண்ணை மட்டும் நிரப்பி, குடியிருப்பவர்களுக்கு என்று விட்டுவிட்டோம்.

போன மாதம் போயிருந்தேன். ஒன்றில் கறிவேப்பிலை மார்பளவு வளர்ந்து நிற்கிறது. நுனியை யாரோ அன்று காலையில்தான் கிள்ளியிருக்க வேண்டும், காம்பில் ஈரம் காயவில்லை. இருக்கையில் ஒரு பையன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி, வருவது யார் என்று பார்த்துக்கொண்டான்.